மூன்று புள்ளி மூன்று வோல்ட்டும் முருகேசனும்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் என் வீட்டுக்கே தேடி வந்தார். "மேடம், மைக்ரோகன்ட்ரோலருக்கு எத்தனை வோல்ட் கொடுத்தா சேஃப்? மூணு புள்ளி மூணா, அஞ்சா?" என்று கேட்டார். காப்பி கொடுத்து அனுப்பினேன், பதில் சொல்லவில்லை. ஓர் எண்ணைச் சொல்லி அனுப்புவது சுலபம். ஆனால் அப்படி ஓர் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் பிரிவில் ஒருவன் கல்லாற்றில் உயிர்ச்சேதம் உண்டாக்கப் பார்த்தான். அவன் பெயர் முருகேசன். நான் மனதாரப் பொறாமைப்பட்ட ஒரே ஆள் அவன்தான். ஆகவே வோல்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் பொறாமையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். அளவுக் கருவிகள் செய்யும் சின்னக் கம்பெனி. நான் வலியசாலை அக்கிரகாரத்திலிருந்து, முதல் வகுப்புச் சான்றிதழோடு. அவன் சாலைக் கடைத்தெருவிலிருந்து. அவன் அப்பாவுக்கு அங்கே இரும்புக்கடை. படித்து முடிக்கவே தத்தளித்தவன் என்று அவனே சிரித்துக்கொண்டு சொல்வான். அதைச் சொன்னாலும் அவனைத்தான் எல்லோருக்கும் பிடித்தது. கேன்டீன் சேச்சி அவன் தட்டில் மட்டும் இரண்டு பப்படம் வைப்பாள். நான் வாரக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொண்டு போட்ட சர்க்யூட்டை அவன் டீ குடித்துக்கொண்டே பார்த்து, "இந்த டிரான்சிஸ்டர் எதுக்கு கோமதி? இது இல்லேன்னாலும் ஓடுமே" என்பான். எடுத்துப் பார்த்தால் ஓடும். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

கல்லாற்று வேலை வந்தபோது முதலில் அது என்னிடம்தான் வந்தது. பொன்முடிக்குப் போகிற வழியில் அந்த ஆற்றில் காலை நனைக்காதவர் உங்களில் யாரும் இருக்க மாட்டீர்கள். கீழே கணுக்கால் தண்ணீர், கண்ணாடி மாதிரி தெளிந்திருக்கும். மேலே காட்டில் கொட்டும் மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. பாறையில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக்கொண்டிருக்கும்போதே மலைவெள்ளம் வந்து அடித்துப் போய்விடும். போனவர்கள் உண்டு. அதனால் மேலே காட்டுக்குள் ஒரு மிதவைப் பெட்டி வைப்பது, தண்ணீர் ஏறினால் அது ரேடியோவில் சொல்லுவது, கீழே குளிக்கும் இடத்தில் சைரன் கத்துவது என்று ஏற்பாடு.

நான் பழக்கப்படி ஐந்து வோல்ட்டில் போட்டேன். ஸ்கூட்டர் பேட்டரி போல ஒன்று, அதற்கேற்ற சோலார் பலகை, எல்லாவற்றையும் தாங்க இரும்புச் சட்டம். அதைத் தூக்கிக்கொண்டு வழுக்குப் பாறையில் ஏறிய ஆட்கள் என்னை என்னென்ன திட்டினார்கள் என்பதை அந்தக் காட்டு அட்டைகள்தான் கேட்டிருக்கும். மரநிழலில் வெயில் போதாமல் சில நாளிலேயே பேட்டரி படுத்துக்கொண்டது. திரும்பவும் அதே ஆட்கள், அதே திட்டு.

அப்போதுதான் முருகேசன் ஒரு டிபன் பாக்ஸை மேஜையில் வைத்தான். மெய்யாகவே டிபன் பாக்ஸ் அளவுதான். உள்ளே ஒற்றை லித்தியம் செல், மூடியின் மேல் உள்ளங்கை அகலச் சோலார் பலகை. மைக்ரோகன்ட்ரோலர் சிப்புக்கு மூன்று புள்ளி மூன்று வோல்ட். ஐந்தில் தின்பதில் பாதிகூட அது இதில் தின்னவில்லை. சிப்பின் கையேட்டில் அனுமதித்த எல்லைக்கு நட்டநடுவில் இருந்தது அந்த மூன்று புள்ளி மூன்று. முதுகுப்பையில் போட்டு, வழியெல்லாம் நேந்திரங்காய் வறுவல் தின்றபடி அவன் ஒருவனே தூக்கிப்போய் மலையில் வைத்துவிட்டு வந்தான். பிரிவே கைதட்டியது. நானும் தட்டினேன். அன்று வீட்டில் ரசத்துக்கு இரண்டு முறை உப்புப் போட்டேன்.

எங்கள் பிரிவுத் தலைவரின் பெயர் இங்கே வேண்டாம். சார் என்றே இருக்கட்டும். மலையாளி, எங்களோடு பழகி அவருக்கென்று ஒரு தமிழ் வைத்திருந்தார். திறப்பு விழாவுக்கு முன் பெட்டியைச் சரிபார்த்து ஒப்புதல் தர ஒருவர் வேண்டும் என்றபோது, முருகேசனின் சிநேகிதர்கள் வரிசையாகக் கை தூக்கினார்கள். சார் அவர்களைத் திரும்பியே பார்க்கவில்லை.

"கோமதி நோக்கட்டே. அது மதி," என்றார். நான் பார்த்தால் போதுமாம்.

எனக்கு அவமானமாக இருந்தது. தோற்றவளையே கூப்பிட்டு, ஜெயித்தவன் சட்டையைத் தேய்த்துக் கொடு என்று சொன்னது போல. ஆனாலும் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஒரு யோசனை வந்தது. சரிபார்க்கத்தானே சொன்னார்? பார்க்கிறேன். ஒரு திருகாணியைக்கூட விடாமல் பார்க்கிறேன்.

தம்பி தங்கைகளே, நான் அதற்கு முன்னும் பின்னும் எந்தப் பெட்டியையும் அப்படிப் பார்த்ததில்லை. கையேட்டை வரி வரியாகப் படித்தேன். அதில் இரண்டு அட்டவணைகள் உண்டு. ஒன்று, இதைத் தாண்டினால் சிப் செத்துப்போகும் என்கிற எல்லை. மற்றது, இதற்குள் இருந்தால் ஒழுங்காக வேலை செய்யும் என்கிற எல்லை. உங்களில் பலர் முதலாவதைப் பார்த்துவிட்டு அதற்குக் கொஞ்சம் கீழே வைத்தால் போதும் என்று நினைக்கிறீர்கள். முருகேசன் அந்தத் தப்பைச் செய்யவில்லை. இரண்டாவதைத்தான் பார்த்திருந்தான். சிப் ஓடும் கடிகார வேகத்துக்கும் வோல்ட்டுக்கும் உள்ள பொருத்தம் சரி. மல்டிமீட்டரை வைத்தால் மூன்று புள்ளி மூன்று, அசையாமல் நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம். வெளியே வைக்கிற பெட்டி எதுவானாலும் வேனலில் மொட்டைமாடியில் போட்டுக் காயவைப்போம். அந்த வெயிலைத் தாங்கினால் எதையும் தாங்கும் என்பது எங்கள் நம்பிக்கை. முருகேசன் ஒரே மாதிரி இரண்டு பெட்டிகள் செய்திருந்தான், மலையேறியதும் ஆபீஸில் மிச்சமிருந்ததும் அப்படித்தான் காய்ந்து தேறியிருந்தன. மாடியில் நின்று ஆபீஸ் பெட்டியைப் பார்த்தபோது எனக்குப் பொறி தட்டியது. சோலாரில் ஓடும் பெட்டியை வெயிலில் போட்டுச் சோதிப்பது, விருந்துக்கு நடுவில் உட்கார வைத்து ஒருத்தனுக்குப் பட்டினி தாங்குமா என்று பார்ப்பது அல்லவா? சைரன் வேண்டியிருப்பது மழையில். அப்போது வெயில் ஏது?

அந்தப் பெட்டியையும் ஒரு சைரனையும் வீட்டுக்குத் தூக்கி வந்தேன். முற்றத்தில் வைத்து, பலகை மேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடினேன். தினமும் காலையில் மிதவையை ஒரு பக்கெட்டில் விட்டுத் தண்ணீர் ஊற்றுவேன். சமையலறையில் சைரன் அலறும். பக்கத்து வீடுகளில் முதலில் எட்டிப் பார்த்தார்கள், அப்புறம் பழகிவிட்டது. இப்படியே நாட்கள் போயின. ஒரு திங்கட்கிழமை காலை தண்ணீர் ஊற்றினேன். சைரன் வாயைத் திறக்கவில்லை.

ஓடிப்போய்ப் பார்த்தேன். பெட்டியில் ஒரு சின்னப் பச்சை விளக்கு உண்டு, சிப் புதிதாக வேலை தொடங்கும்போது மட்டும் படபடவென்று மினுக்கும். அது மினுக்கியது. நின்றது. மறுபடி மினுக்கியது. நிற்காமல் தொடங்கிக்கொண்டே இருந்தது.

விஷயம் எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. செல் நிறைந்திருந்தால் நாலு வோல்ட்டுக்கு மேல் இருக்கும். ரெகுலேட்டர் அதை மூன்று புள்ளி மூன்றாகக் குறைத்துச் சிப்புக்குக் கொடுக்கும். செல் தளர்ந்துபோன சமயத்தில் ரேடியோ பேசத் தொடங்கினால், அது ஒரே இழுப்பில் இழுக்கும் கரன்ட்டில் செல்லே தொய்ந்துவிடும். ரெகுலேட்டருக்குக் குறைக்கத்தான் தெரியும், கூட்டத் தெரியாது. சிப்புக்குள் ஒரு காவல் இருக்கிறது. வோல்ட் ஒரு அளவுக்குக் கீழே போனால், தாறுமாறாக வேலை செய்யாதே, முதலிலிருந்து தொடங்கு என்று சிப்பைத் தட்டிவிடும். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று முருகேசன் அந்தக் காவலைக் கொஞ்சம் உயரத்திலேயே வைத்திருந்தான். ஆக, தண்ணீர் ஏறியதும் சிப் ரேடியோவை எழுப்பும், வோல்ட் தொய்யும், காவல் தட்டும், சிப் புதிதாகத் தொடங்கும். தண்ணீர் ஏறித்தானே இருக்கிறது? மறுபடி ரேடியோவை எழுப்பும். சொல்ல வந்ததை அது சொல்லி முடிக்கவே முடிக்காது. மல்டிமீட்டருக்கு இந்தக் கண்ணிமைக்கும் தொய்வு தெரியாது.

எனக்குப் பயமோ வருத்தமோ வரவில்லை. சந்தோஷம் வந்தது. அப்படி ஒரு சந்தோஷம்.

என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "என்னடீ, மொகம் இப்படி ஜொலிக்கறது? லாட்டரி அடிச்சுதா?"

"லாட்டரியெல்லாம் இதுக்கு ஒறை போடக் காணாது," என்றேன்.

வியாழக்கிழமை மீட்டிங். மாவட்ட அதிகாரிகள் வருகிறார்கள், வெள்ளிக்கிழமை கல்லாற்றில் மந்திரி வந்து திறந்துவைக்கிறார். அந்த மீட்டிங்கில், அத்தனை பேர் முன்னால், ஒரு பக்கெட்டையும் பெட்டியையும் மேஜை மேல் வைத்துத் தண்ணீரை ஊற்றிக் காட்டுவது என்று முடிவுசெய்தேன். எந்தப் புடவை என்பதுகூட முடிவாகிவிட்டது. அதற்குள் ஒரு படம் மட்டும் தேவைப்பட்டது, காட்டில் அவன் வைத்த பெட்டி எவ்வளவு நிழலில் இருக்கிறது என்பதற்கு. செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டுக் கல்லாற்றுக்குப் பஸ் ஏறினேன்.

பள்ளிக்கூட விடுமுறைக் காலம். ஆனால் கடலில் ஏதோ தாழ்வழுத்தம் என்று அந்த வாரம் முழுக்க வானம் மூடாக்கு. பொன்முடிப் பக்கம் மலையே தெரியவில்லை. ஆற்றில் கூட்டத்துக்குக் குறைவில்லை. கரையில் பஜ்ஜிக்கடை வைத்திருந்தவர் ராசையா, தென்காசிப் பக்கத்துக்காரர். என் சத்தத்தைக் கேட்டு ஊர்த் தமிழ் என்று பிரியமாக ஸ்டூல் போட்டார். இத்தனை வருஷமும் கழுத்தில் விசில் கட்டிக்கொண்டு ஆற்றைப் பார்த்து ஊதி ஊதி ஆளைக் கரையேற்றியவர் அவர்தான் என்று எனக்குத் தெரியும். கழுத்தில் விசில் இல்லை.

"விசில் எங்கே?" என்று கேட்டேன்.

"அத ஏன் கேக்கிய. இனி அது எதுக்கு? முருகேசன் சாரு மிஷின் வச்சிட்டாருல்லா. ஆத்தையே பாத்துக்கிட்டு இருந்தா பஜ்ஜி கருகிப்போவும். இப்பம் நிம்மதியா ஏவாரத்தப் பாக்கேன்." சிரித்துக்கொண்டே எண்ணெய்ச் சட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முதுகுக்குப் பின்னால் ஆறு.

மேலே காட்டில் இருக்கும் பெட்டி வாரம் முழுக்க வெயிலே காணவில்லை. என் முற்றத்துச் சாக்கு அங்கே வானமாக மூடிக் கிடந்தது. பெட்டி வருவதற்கு முன்னால் இந்த ஆற்றைப் பார்க்க ஒரு மனிதனாவது இருந்தான். இப்போது யாருமே இல்லை. ஒரு அப்பா தன் சின்னப் பெண்ணை நடு ஆற்றுப் பாறையில் உட்கார வைத்துப் படமெடுத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் ஆறு அமைதியாகத்தான் ஓடியது. நான் கூச்சல் போட்டு, ஒன்றும் நடக்கவில்லை என்றால்? கம்பெனி மானம் போகும். அதிலும் இன்றைக்கே சொல்லிவிட்டால் வியாழக்கிழமை எனக்கு என்ன மிஞ்சும்? அவன் ஒரே ராத்திரியில் சரிபண்ணி, எதுவும் நடக்காத மாதிரி மீட்டிங்கில் சிரித்துக்கொண்டு நிற்பான். இதையும் நான் நினைத்தேன் என்பதை உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? நினைத்துக்கொண்டே ஆற்றுப்பக்கம் நடந்துவிட்டேன். இதற்கு யோசனை தேவைப்படவில்லை. கால் தானாகப் போனது.

எல்லாரும் கரையேறுங்கள் என்று தமிழிலும் மலையாளத்திலும் கத்தினேன். நனைந்த அரைக்கால் சட்டையோடு ஒருவர் என் முன்னால் வந்து நின்று, "நிங்ஙள் ஆரா இது பறயான்?" என்று எகிறினார். நான் யார் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. ராசையா அடுப்பை அணைத்துவிட்டு, கல்லாப்பெட்டியிலிருந்து விசிலைத் தேடி எடுத்து ஊதிக்கொண்டே ஓடிவந்தார். அதற்கப்புறம்தான் ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்கள். அந்தச் சின்னப் பெண் என்னைப் பார்த்து நாக்கை நீட்டினாள்.

பாலத்துத் திருப்பத்தில்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று முருகேசனைக் கூப்பிட்டேன்.

"எந்தா கோமதி, லீவு போட்டுட்டு என்னைய நெனச்சுக்கிட்டே இருக்கியா?"

சொன்னேன். சாக்கு, பக்கெட், பச்சை விளக்கு எல்லாம் சொன்னேன்.

"வெளக்கு திரும்பத் திரும்ப மினுக்குதா?" என்றான்.

"ஆமா."

"ஐயோ," என்றான். அப்புறம் மெதுவாக, "ஆளுங்க?" என்று கேட்டான்.

"ஏத்தியாச்சு. ராசையா விசிலோட நிக்கறார்."

"வாறேன். அங்கயே நில்லு, போயிராத."

ஜீப்பில் அவனும் சாரும் வந்தார்கள். மூவருமாகக் காட்டுக்குள் ஏறினோம். பெட்டி இருந்த இடத்தில் பட்டப்பகலிலேயே பிழிந்தெடுத்த வெளிச்சம்தான். முருகேசன் மிதவையைக் கையால் தூக்கினான். பச்சை விளக்கு மினுக்கியது. மறுபடி மினுக்கியது. கீழே ஒரு சத்தமும் இல்லை. அவன் ஈரப் பாறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

அன்று ஆற்றில் வெள்ளம் வரவில்லை. சாயங்காலம் வரை கணுக்கால் தண்ணீர்தான் ஓடியது. கரையேற்றிய ஜனங்கள் என்னைத் திட்டிவிட்டு வேனில் ஏறிப் போனார்கள்.

"காவல எறக்கி வச்சா போராதா? வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிரலாம்," என்றான் முருகேசன், பாறையிலிருந்தே.

"போராது. அந்த வேகத்துல, அந்தத் தாழ்ந்த வோல்ட்டுல சிப் என்ன பண்ணும்னு அதைப் பண்ணினவாளுக்கே தெரியாது. வெள்ளமே இல்லாம கத்தும். வெறுமனே ரெண்டு தரம் கத்தினா அப்பறம் எவன் எழுந்து வருவான்?"

அவன் தலையாட்டினான். சார் கீழே இறங்கிப் பாலத்துத் திருப்பத்துக்குப் போய், மந்திரி ஆபீஸுக்குப் போன் போட்டு வெள்ளிக்கிழமை விழா இல்லை என்றார். எதிர்ப்பக்கம் திட்டியது, பின்னாலேயே இறங்கிவந்த எங்களுக்கே கேட்டது. வியாழக்கிழமை மீட்டிங்கை மட்டும் விட்டுவைத்தார், காரணத்தைச் சொல்ல ஓர் இடம் வேண்டுமே.

அடுத்த வாரங்களில் நானும் அவனும் ஒரே மேஜையில் உட்கார்ந்து அதை மாற்றினோம். ஆற்றைப் பார்க்கும் சிப்புக்கு அவசரமாகச் செய்ய ஒரு கணக்கும் இல்லை. வேகத்தைக் குறைத்தோம். வேகம் குறைந்தால் அதே சிப் இன்னும் தாழ்ந்த வோல்ட்டிலும் ஒழுங்காக வேலை செய்யும் என்று கையேடே சொல்கிறது. சிப்புக்கு இரண்டரை வோல்ட், காவல் அதற்கும் வெகு கீழே, ரேடியோவுக்குத் தனி ரெகுலேட்டர், பக்கத்தில் அந்த ஒரே இழுப்பைத் தாங்க ஒரு பெரிய கெப்பாசிட்டர். தளர்ந்த செல்லை வைத்து, ரேடியோ பேசும்போது, கண்ணிமைக்கும் தொய்வையும் காட்டுகிற ஆசிலாஸ்கோப்பைச் சிப்பின் காலிலேயே வைத்துப் பார்த்தோம். வீட்டுக்கு வந்த அந்தத் தம்பிக்கு என் பதில் இதுதான். எந்த எண் என்பது பெரிசில்லை. செல் மிகவும் தளர்ந்து, சுமை மிகவும் ஏறிய அந்தக் கெட்ட நொடியிலும், சிப்பின் காலில் உள்ள வோல்ட் எல்லைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பாதுகாப்பான வோல்ட்.

மீட்டிங் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். புடவை நான் நினைத்ததுதான். ஆனால் நான் வாயைத் திறப்பதற்கு முன் முருகேசன் எழுந்தான். "தப்பு என்னோடது. கண்டுபிடிச்சது கோமதி. இல்லேன்னா நான் இன்னைக்கி உங்க முன்னால நிக்க மாட்டேன், ஸ்டேஷன்ல நிப்பேன்," என்றான். நிறுத்தி, "அவ அளவுக்கு என்னை யாரும் கவனிச்சதில்ல கேட்டேளா, என் வீட்டுக்காரிகூட," என்றும் சொன்னான். அறையே சிரித்தது. அதிகாரிகள் கைதட்டினார்கள். எதற்கு? தப்பை ஒத்துக்கொண்ட அவன் பெருந்தன்மைக்கு! கண்டுபிடித்தவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

சாரிடம் அன்று கேட்டேவிட்டேன், ஏன் என்னைப் பார்க்கச் சொன்னீர்கள் என்று. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அவன்மேல ஸ்நேகம் உள்ளவன்கிட்ட கொடுத்தா எல்லாம் சரியாத்தான் இருக்கும். நீ அங்ஙனெ விட மாட்டே, எனிக்கறியாம்," என்றார். திட்டா பாராட்டா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. உங்களுக்கு மட்டும் சொல்லி வைக்கிறேன், உங்கள் சர்க்யூட்டை உங்களைப் பிடித்தவர்களிடம் காட்டி ஒப்புதல் வாங்காதீர்கள். உங்களைக் கண்டால் வயிறு எரிகிறவர் ஒருவர் எல்லா ஆபீஸிலும் இருப்பார், அவரிடம் கொண்டுபோங்கள்.

புதுப் பெட்டி மலையேறிய பிறகு, ஜூன் மாதத்து இடவப்பாதி மழை தொடங்கி நாளெல்லாம் ஊற்றியது. வெயில் கண்ணில் படவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவசர வேலையென்று எல்லோரும் ஆபீஸில் இருந்தோம். என் போன் அடித்தது. விசில் ஊதிய அன்றைக்கே என் நம்பரை வாங்கி வைத்திருந்தார் ராசையா.

"அம்மா, கத்திட்டு! கத்திட்டும்மா! எல்லாரையும் ஏத்தியாச்சு, ஒரு கொச்சுப்பிள்ள உட்பட. நின்ன பாறையே இப்பம் காணல!" பின்னால் சைரன் அலறுவதும், அதையும் மீறி ஆறு இரைவதும் கேட்டது.

எழுந்து போய் முருகேசன் காதில் போனை வைத்தேன். கேட்டான். அப்புறம் அத்தனை பேர் நடுவில், கொஞ்சமும் கூச்சமில்லாமல், கையால் முகத்தை மூடிக்கொள்ளக்கூடத் தோன்றாமல், ஓவென்று அழுதான். எல்லோரும் ஓடிவந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். நான் பாத்ரூமுக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அழும்போதும் அவன்மேல் பொறாமையாகத்தான் இருந்தது.